காணாமல் போன முதல் எழுத்து

(அரியலூரில் கல்லூரி மாணவர்களும் வாசகர்களும் கூடியிருந்த கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பின்னால் சுவரோரம் நிற்கும் தம்பி தங்கைகள் முன்னால் வந்து தரையில் உட்காருங்கள். இன்றைக்கு நான் பேச நினைத்தது முக்கியமாக உங்களிடம்தான்.

ஒரு சின்னச் சோதனையிலிருந்து தொடங்குகிறேன். லினக்ஸ் போட்ட கணினியில் அந்தக் கறுப்புத் திரையைத் திறக்கிறோம். டெர்மினல் என்பார்கள், முனையம் என்று தமிழில் எழுதுகிறோம். அதில் 'விம்' என்று மூன்று ஆங்கில எழுத்தைத் தட்டி என்டர் அழுத்தினால் ஒரு வெற்றுப் பக்கம் வரும். இடது ஓரத்தில் வரிக்கு ஒன்றாகச் சின்னச் சின்ன அலைக்குறி. நடுவில் சில வரி அறிமுகம். கைபட்டதும் அது மறைந்துவிடும். நம்மூர்ப் பெயரையே எழுதிப் பார்க்கலாமே என்று ஆங்கில எழுத்தில் 'அரியலூர்' என்று தட்டுகிறோம். திரையில் வருவது 'ரியலூர்'. முதலில் அடித்த 'ஏ' என்ற எழுத்தைக் காணோம். பக்கத்து ஊரையும் பார்த்துவிடலாம் என்று இன்னொரு ஜன்னலில் விம்மைத் திறந்து 'பெரம்பலூர்' என்று தட்டுகிறோம். ஆங்கிலத்தில் பத்து எழுத்து. திரையில் நிற்பதோ கடைசி மூன்று எழுத்து மட்டும்: 'லூர்'.

நான் முதன்முதலாக இந்தத் திரைக்கு முன்னால் உட்கார்ந்தபோது விசைப்பலகை பழுது என்றுதான் நினைத்தேன். அடுத்த நாற்காலியில் போய் உட்கார்ந்தேன். அங்கேயும் அப்படியே. வெளியேறவும் வழி தெரியவில்லை. மின்சாரப் பொத்தானை அழுத்தி அணைத்துவிட்டு, யாரும் பார்க்கவில்லையே என்று சுற்றிப் பார்த்தபடி எழுந்து போனேன். அன்று என்னை விரட்டியது அறிவுக் குறைவு என்று பல வருஷம் நம்பிக்கொண்டிருந்தேன். அந்த நம்பிக்கை தவறு. உங்களுக்கும் அது வந்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் இந்தத் தலைப்பை எடுத்தேன்.

அந்த எழுத்துகள் எங்கே போயின? எங்கேயும் போகவில்லை. விம் அவற்றை எழுத்தாக எடுத்துக்கொள்ளாமல் கட்டளையாக எடுத்துக்கொண்டது. பெரம்பலூரின் முதல் எழுத்து, 'கடைசியாக நகலெடுத்ததை இங்கே ஒட்டு' என்ற கட்டளை. ஒட்ட ஒன்றும் இல்லை. அடுத்த 'ஈ', 'இந்தச் சொல்லின் கடைசிக்குப் போ'. 'ஆர்' அடித்து 'ஏ' அடித்தால், 'இங்கே உள்ள எழுத்தை அழித்து ஏ போடு'. 'எம்' என்பதும் அதற்கடுத்த எழுத்தும் சேர்ந்து, 'இந்த இடத்தில் ஓர் அடையாளம் வை'. அதற்கடுத்து வரும் 'ஏ'தான் 'இனி நான் எழுதப்போகிறேன்' என்று பொருள்படுவது. அதற்குப் பிறகு வந்த மூன்று எழுத்தும் ஒழுங்காகத் திரையில் விழுந்தன. அரியலூரின் முதல் எழுத்தே 'ஏ' என்பதால் நமக்கு ஓர் எழுத்து மட்டும் சேதம்.

விம்முக்கு முக்கியமாக இரண்டு நிலை உண்டு. ஒன்று கட்டளை நிலை, இன்னொன்று எழுதும் நிலை. திறந்தவுடன் அது நிற்பது கட்டளை நிலையில். 'ஐ' என்ற விசையைத் தட்டினால் எழுதும் நிலைக்கு வரும். எஸ்கேப் விசையைத் தட்டினால் கட்டளை நிலைக்குத் திரும்பும். இவ்வளவுதான் அடிப்படை. ஆனால் யோசிப்பவர்கள் ஒன்று கேட்பார்கள்: எழுதுவதற்கென்று ஒரு கருவி செய்தவர்கள், திறந்தவுடன் எழுத விடாமல் ஏன் வைத்தார்கள்?

இந்தக் கேள்விக்கு விடை தேடும்போது எனக்கு நம் மாவட்டத்தில் படித்த ஒருவருடைய நினைவு வருகிறது.

விம் போன்ற கருவியை டெக்ஸ்ட் எடிட்டர் என்கிறோம். எடிட்டர் என்றால் பதிப்பாசிரியர். தமிழ்ப் பதிப்பாசிரியர்களில் தலையாயவர் உ.வே. சாமிநாதையர். 1855இல் பிறந்தவர், சொந்த ஊர் உத்தமதானபுரம். ஆனால் இளமையில் தமிழ் படித்தது பெரிதும் இந்தப் பக்கத்தில். அரியலூரில் சடகோபையங்காரிடம் படித்தார். இன்றைக்குப் பெரம்பலூர் மாவட்டத்தில் இருக்கும் குன்னத்தில் குடியிருந்து படித்தார். செங்கணம் விருத்தாசல ரெட்டியாரிடம் யாப்பருங்கலக்காரிகை பாடம் கேட்டார். அதற்கப்புறம்தான் மாயூரம் போய் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் சேர்ந்தது. 1887இல் சீவக சிந்தாமணி, 1889இல் பத்துப்பாட்டு, 1892இல் சிலப்பதிகாரம், 1894இல் புறநானூறு என்று அவர் பதிப்பித்த வரிசை உங்களுக்குத் தெரியும்.

அவருடைய ஒரு நாள் உழைப்பை மனத்துக்குள் ஓட்டிப் பாருங்கள். எதிரில் ஏட்டுச்சுவடிகள். சுவடியில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இருக்காது. எகரக் குறிலுக்கும் நெடிலுக்கும் வேறுபாடு தெரியாது. காலும் ரகரமும் ஒன்றுபோலத் தோன்றும். எழுதினவர் விட்ட பிழை, அதைப் பார்த்து எழுதினவர் சேர்த்த பிழை. ஒரு சுவடியை இன்னொரு சுவடியோடு ஒப்பிட்டு, பாடபேதம் குறித்து, எந்த அடி எங்கே புரண்டிருக்கிறது என்று கண்டுபிடித்து, தூக்கி உரிய இடத்தில் வைக்க வேண்டும். அந்த நாளில் அவர் புதிதாக எழுதிய சொற்கள் கொஞ்சமாக இருக்கும். நகர்வது, தேடுவது, ஒப்பிடுவது, நீக்குவது, இடம் மாற்றுவது, இவற்றிலேயே பொழுது போயிருக்கும்.

மென்பொருள் எழுதுகிறவர்களின் நாளும் பெரும்பாலும் அப்படித்தான் போகிறது. நூறு வரி நிரலில் இன்றைக்கு மாற்றுவது மூன்று வரி. சேவையகத்தின் அமைப்புக் கோப்பில் மாற்றுவது ஒரே ஓர் எண். விம் அதை உணர்ந்து செய்த கருவி. 'நீ திருத்த வந்திருக்கிறாய்' என்று எண்ணிக்கொண்டு அது கதவைத் திறக்கிறது. நாமோ எழுத வந்தவர்களாக உள்ளே நுழைகிறோம். முதல் நாள் மோதல் எல்லாம் இதனால் வருவது.

இன்னொரு காரணமும் உண்டு. அது வறுமை சம்பந்தப்பட்டது. 1969இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் கென் தாம்சன் 'எட்' என்ற எடிட்டரை எழுதினார். அன்றைக்குத் திரை அரிது. டெலிடைப் என்ற இயந்திரம் காகிதத்தில் அச்சடிக்கும், வினாடிக்குப் பத்து எழுத்து வேகத்தில். அதனால் எட் வாயைத் திறக்காது. நீங்கள் தவறு செய்தால் ஒரே ஒரு கேள்விக்குறியை மட்டும் அச்சடிக்கும்.

அதற்குப் பின் 1976இல் கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் பில் ஜாய் என்ற மாணவர் 'விஐ' எடிட்டரை எழுதத் தொடங்கினார். இப்போது நாம் பயன்படுத்தும் விம்முக்கு அது தாய். அப்போது திரை வந்துவிட்டது. ஆனால் அவர் தொலைபேசி வழியாக 300 பாட் வேகத்தில் கணினியோடு இணைந்து வேலை பார்த்தவர். வினாடிக்குச் சுமார் 30 எழுத்து. ஒரு திரைக்கு 24 வரி, வரிக்கு 80 எழுத்து என்றால் 1,920 எழுத்து. முழுத் திரையையும் ஒருமுறை புதிதாக வரைய ஒரு நிமிஷத்துக்கு மேல் ஆகும். அப்படிப்பட்ட கம்பி வழியாக மெனு, பொத்தான், படம் எதையும் அனுப்ப முடியாது. ஓர் எழுத்து, இரண்டு எழுத்தில் முடிகிற கட்டளைதான் கட்டுப்படியாகும்.

செந்துறைப் பக்கம் ஒரு கிராமத்தில், வீட்டு மொட்டை மாடியின் தென்மேற்கு மூலையில் மட்டும் சிக்னல் கிடைக்கும் இடத்தில் உட்கார்ந்து, எங்கோ அயல்நாட்டில் உள்ள சேவையகத்தில் நான் கோப்பு திருத்தியிருக்கிறேன். படம் காட்டும் எந்த மென்பொருளும் அங்கே திறக்கவில்லை. இது திறந்தது. இல்லாமையில் பிறந்த கருவி, இல்லாத இடத்தில் உழைக்கிறது. சிற்றூர்ப் பிள்ளைகள் முதலில் கற்க வேண்டியது இது என்று நான் பிடிவாதமாகச் சொல்வதற்குக் காரணம் அந்த மொட்டை மாடிதான்.

பில் ஜாய் பயன்படுத்திய முனையத்தின் பெயர் ஏடிஎம்-3ஏ. அதில் அம்புக்குறி விசைகள் தனியாக இல்லை. ஹெச், ஜே, கே, எல் என்ற நான்கு விசைகளின் மேலேயே இடம், கீழ், மேல், வலம் என்று அம்புகளை அச்சிட்டிருந்தார்கள். எஸ்கேப் விசை இன்றைக்கு டேப் இருக்கும் இடத்தில், சுண்டுவிரலுக்குப் பக்கத்தில் இருந்தது. அந்த முனையம் என்றைக்கோ போய்விட்டது. ஆனால் விம்மில் இன்றும் ஹெச் இடம், ஜே கீழ், கே மேல், எல் வலம். நம்மூர்ச் சுண்ணாம்புக்கல் சுரங்கங்களில் நத்தைபோலச் சுருண்ட அம்மோனைட் கற்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். வாரணவாசி அருங்காட்சியகத்துக்குப் போனவர்களுக்கு நன்றாகத் தெரியும். கடல் பின்வாங்கிப் பல கோடி வருஷம் ஆகியும் அதன் உயிர்கள் நம் கல்லில் பதிந்து கிடக்கின்றன. இந்த நான்கு விசைகளையும் நான் அப்படித்தான் பார்க்கிறேன். ஏன் இப்படி வைத்தான் என்று சலித்துக்கொள்வதை விட, எந்தக் கடலின் மிச்சம் என்று தெரிந்துகொண்டால் மனம் அதை ஏற்றுக்கொள்ளும். எஸ்கேப் தொலைவில் இருக்கிறதே என்று விரல் வலிப்பவர்கள், கேப்ஸ் லாக் விசையை எஸ்கேப்பாக மாற்றி வைத்துக்கொள்ளலாம். லினக்ஸில் அது எளிது.

டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டுக்குப் போனவர்கள் இந்த அவையில் எத்தனை பேர்? கையைத் தூக்குங்கள். நிறைய இருக்கிறீர்கள், நல்லது. முதல் நாள் பாடம் நினைவிருக்கிறதா? ஏ எஸ் டி எஃப் ஜி எஃப், செமிகோலன் எல் கே ஜே ஹெச் ஜே. தாள் தாளாக அதையே அடிக்க வைப்பார்கள். பொருளே இல்லாத வரி. இரண்டு வாரம் கழித்து, கண் பார்க்காமலே விரல் இடம் கண்டுபிடிக்கும். லோயர் பாஸ் செய்தவருக்கு ஹெச், ஜே, கே, எல் என்பது வலக்கையின் கீழேயே இருக்கிறது. நம் சிற்றூர்களில் டைப் படித்த பெண்கள் விம் கற்கும்போது இரண்டாம் நாளே பிடித்துக்கொள்வதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். கணினி அறிவியல் பட்டம் வாங்கி இரண்டு விரலால் தட்டுகிறவர்கள் ஒரு மாதம் தடுமாறுகிறார்கள். கைக்குப் பாடம் ஏற வேண்டும். அதற்குத் தினமும் பத்து நிமிஷம் போதும். ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி நேரம் உட்கார்ந்தால் ஏறாது.

பாடம் எங்கே கிடைக்கும்? விம்மோடு கூடவே வருகிறது. டெபியன் என்ற லினக்ஸ் வகையின் வழி வந்த கணினிகளில் முதலில் கிடைப்பது விம்மின் மிகச் சிறிய வடிவம். முழு விம்மையும் நிறுவிக்கொண்டு 'விம்டியூட்டர்' என்று தட்டுங்கள். ஏறத்தாழ அரை மணி நேரப் பாடம். உங்களுக்கென்று ஒரு நகல் கோப்பைத் திறந்து அதிலேயே திருத்தச் சொல்லும். கெட்டுப்போகுமோ என்ற பயம் வேண்டாம். அதன் வரிசையைக் கவனியுங்கள். முதல் பாடம் நகர்வது. இரண்டாவது வெளியேறுவது. மூன்றாவது அழிப்பது, எழுத்துகள் இரட்டித்த ஒரு வாக்கியத்தைக் கொடுத்து, மிகுதியான எழுத்துகளைக் களையச் சொல்வார்கள். நான்காவது பாடத்தில்தான் எழுதச் சொல்கிறார்கள். பதிப்பாசிரியரைப் பழக்கும் முறை இது.

வெளியேறுவதை இரண்டாம் பாடமாக வைத்தவர்களைக் கையெடுத்துக் கும்பிடலாம். எஸ்கேப், கோலன், கியூ, வியப்புக்குறி, என்டர். மாற்றம் எதையும் சேமிக்காமல் வெளியே வரும் வழி இது. கியூவுக்கு முன்னால் டபிள்யூ போட்டு வியப்புக்குறியை விட்டுவிட்டால், சேமித்துவிட்டு வரும். இதைக் கையில் எழுதிக்கொண்டு போகிறவர்கள் எழுதிக்கொள்ளுங்கள், வெட்கம் வேண்டாம். வெளியேறத் தெரியாமல் விடை தேடி இணையத்தின் ஒரே ஒரு கேள்விப் பக்கத்துக்கு வந்தவர்களின் எண்ணிக்கை 2017இல் பத்து லட்சத்தைத் தாண்டியது. உலகம் முழுவதும் இருந்து வந்தவர்கள். வாசலைத் தேடியது நாம் மட்டும் இல்லை.

கட்டளைகளைப் பட்டியலாக மனப்பாடம் செய்யாதீர்கள். அது ஒரு மொழி. அதற்கு இலக்கணம் உண்டு. 'டி' என்றால் நீக்கு. 'டபிள்யூ' என்றால் சொல். இரண்டையும் சேர்த்தால் சொல்லை நீக்கு. 'சி' என்றால் மாற்று. சி டபிள்யூ, சொல்லை மாற்று. டாலர் குறி என்றால் வரியின் கடைசி. டி டாலர், இங்கிருந்து வரிக் கடைசி வரை நீக்கு. டி டி என்று இரட்டித்தால் முழு வரியையும் நீக்கு. வினை நாலைந்து, பெயர் பத்து தெரிந்தால் அவற்றைக் கூட்டி நாற்பது ஐம்பது கட்டளை நீங்களே ஆக்கிக்கொள்ளலாம்.

இங்கே தமிழ் பேசுகிறவர்களுக்கு ஓர் இடறல் இருக்கிறது. நாம் 'சொல்லை நீக்கு' என்போம்; செயப்படுபொருள் முன்னால், வினை கடைசியில். விம்மோ வினையை முன்னால் வைக்கிறது. நம் நாக்கின் ஒழுங்கு வேறு, அதன் ஒழுங்கு வேறு. இதற்கும் வழி இருக்கிறது. கட்டளை நிலையில் 'வி' என்ற விசையைத் தட்டுங்கள். பிறகு நகர்ந்தால், நகர்ந்த இடம் எல்லாம் நிறம் மாறித் தெரியும். வேண்டிய பகுதியைக் காட்டிவிட்டுக் கடைசியில் 'டி' தட்டுங்கள். முதலில் 'இதை', பிறகு 'நீக்கு'. நம் வாக்கியம் மாதிரியே! புதிதாகக் கற்பவர்களுக்கு நான் இப்போதெல்லாம் இதைத்தான் முதலில் காட்டுகிறேன். கண்ணுக்கும் தெரிகிறது, மனத்துக்கும் பழகிய வரிசை. ஒரு மாதம் போனபின் மற்ற வரிசை தானாக வந்துவிடும்.

என் கையால் நடந்த ஒரு தவறையும் சொல்ல வேண்டும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு நிறுவனத்தின் சேவையகத்தில் அமைப்புக் கோப்பைத் திருத்தப் போனேன். கேப்ஸ் லாக் விழுந்திருந்தது எனக்குத் தெரியவில்லை. கீழே போக ஜே, ஜே, ஜே என்று மூன்று முறை தட்டினேன். சிறிய ஜே கீழே போகச் சொல்வது. பெரிய ஜே, அடுத்த வரியை இந்த வரியோடு இணைக்கச் சொல்வது. நான் நின்ற வரி ஒரு குறிப்பு வரி. முன்னால் எண் குறி போட்டிருந்தால் கணினி அந்த வரியைப் படிக்காமல் தாண்டிவிடும். அதற்குக் கீழிருந்த மூன்று அமைப்பு வரிகளும் அந்தக் குறிப்பு வரியோடு ஒட்டிக்கொண்டன. அதாவது மூன்றும் செத்துப்போயின. சேமித்து வெளியேறலாம் என்று தட்டினேன். அப்படி ஒரு கட்டளையே இல்லை என்றது. அப்போதுதான் கேப்ஸ் லாக்கைக் கவனித்து எடுத்துவிட்டேன். அதற்குமுன் தட்டியவை என்ன செய்திருக்கும் என்று ஒரு கணம் யோசிக்கவில்லை. மறுபடி தட்டினேன், சேமித்தது, வெளியே வந்தேன். சேவை மறுபடி தொடங்கவில்லை. இரவு பதினொரு மணிக்கு ஒருவர் தொலைபேசியில் பொறுமையாக ஒவ்வொரு வரியாகப் படிக்கச் சொல்லிக் கண்டுபிடித்தார்.

அன்றிலிருந்து மூன்று பழக்கம் வைத்திருக்கிறேன். கோப்பைத் தொடும் முன் அதற்கு ஒரு நகல். கை தவறியதாகத் தோன்றினால் எஸ்கேப் தட்டி 'யூ'. அது செய்ததை ஒவ்வொன்றாகத் திரும்பப் பெறும். சேமித்தபின் பழைய நகலையும் புதிய கோப்பையும் 'டிஃப்' என்ற கட்டளையால் ஒப்பிட்டுப் பார்ப்பது. எந்த வரி மாறியிருக்கிறது, எது கூடியது, எது குறைந்தது என்று அது காட்டும். பாடபேதம் பார்க்கும் கருவி என்று நான் மாணவர்களிடம் சொல்வேன். விம்டிஃப் என்று திறந்தால் இரண்டு பாடங்களும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். சாமிநாதையர் அவர்கள் கையில் இது இருந்திருந்தால் என்று நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு கனக்கிறது.

உடனே ஒரு வரி மாற்றியாக வேண்டும், கற்க இன்றைக்கு நேரமில்லை என்பவர்களுக்கு நானோ என்ற எடிட்டர் இருக்கிறது. 1999இல் கிறிஸ் அலெக்ரெட்டா தொடங்கியது. திறந்தவுடன் எழுதலாம்; கட்டளைகள் திரையின் அடியில் எழுதியே இருக்கும். அங்கே எழுத்துக்கு முன்னால் தெரியும் கூரைக்குறி கன்ட்ரோல் விசையைக் குறிக்கிறது. பலரும் அந்தக் குறியையே தேடித் தட்டிவிட்டு ஒன்றும் நடக்கவில்லை என்பார்கள். கன்ட்ரோலோடு ஓ சேமிக்கும், கன்ட்ரோலோடு எக்ஸ் வெளியேறும். நானோவில் தொடங்குவதில் குறை ஒன்றும் இல்லை. ஈமாக்ஸ் என்று ஒரு பெரிய மரபும் உண்டு; அதற்குத் தனிக் கூட்டம் வேண்டும்.

கணினி வேண்டுமே என்கிறீர்கள். 2011 செப்டம்பரில் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் நம் பிள்ளைகளுக்கு வந்த மடிக்கணினிகளில், விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது. சென்னை சி-டாக் உருவாக்கியது. தொடக்கத்தில் எதைத் திறப்பது என்று கேட்கும்போது அந்த லினக்ஸைத் தேர்ந்தெடுத்தவர்கள் எத்தனை பேர்? பரணில் ஒரு பழைய மடிக்கணினி கிடந்தால் எடுத்துத் தூசி தட்டுங்கள். விம்முக்கு அது தாராளம். அதுவும் இல்லையென்றால் கையில் இருக்கும் ஆண்ட்ராய்டு கைபேசியில் டெர்மக்ஸ் என்ற செயலியைப் போடுங்கள். அதிலும் விம் ஓடும். எஸ்கேப் விசையைத் திரையிலேயே தருகிறது. லினக்ஸ் பற்றித் தமிழில் படிக்க, 2012 ஜனவரியிலிருந்து கணியம் இதழ் கட்டுரைகளும் நூல்களும் தந்துகொண்டிருக்கிறது. ஆங்கிலம் தடையாக நிற்கிறது என்பவர்கள் அங்கே தொடங்கலாம்.

முதலில் சொன்னேனே, திறந்தவுடன் நடுவில் சில வரி வந்து மறையும் என்று. அதை ஒருமுறை நிதானமாகப் படியுங்கள். விம்மை உருவாக்கியவர் நெதர்லாந்தைச் சேர்ந்த பிராம் மூலெனார். 1988இல் தம்முடைய அமிகா கணினிக்காக எழுதத் தொடங்கி 1991இல் வெளியிட்டார். விலை கிடையாது. 1994இல் அவர் உகாண்டாவின் கிபாலே என்ற இடத்தில் ஒரு குழந்தைகள் மையத்துக்குப் போய், குடிநீர், சுகாதாரப் பணியில் ஓராண்டு உழைத்தார். அந்த வட்டாரத்தில் எய்ட்ஸ் நோயால் பெற்றோரை இழந்த பிள்ளைகள் நிறைய. திரும்பி வந்து, விம்மைப் பயன்படுத்துகிறவர்கள் எனக்கு ஒன்றும் தர வேண்டாம், அந்தப் பிள்ளைகளுக்கு உதவுங்கள் என்று கேட்டுக்கொண்டார். நெடுங்காலமாக அந்த முகப்பில் நின்ற வரி அதுதான். முப்பது ஆண்டுக்கு மேல் விம்மைத் தாமே பேணிவந்தவர், 2023 ஆகஸ்ட் 3ஆம் தேதி 62 வயதில் காலமானார். செய்தி தெரிந்த அன்றைக்கு நான் விம்மைக் கோப்பு எதுவும் இல்லாமல் திறந்து வைத்துவிட்டு, ஒரு விசையையும் தொடாமல் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இனி தமிழுக்கு வருகிறேன். இது என் மனத்தில் வெகுநாளாகக் கிடப்பது.

டெர்மினல் என்பது கணக்கு நோட்டு மாதிரி கட்டம் போட்ட திரை. ஒரு கட்டத்துக்கு ஓர் எழுத்து, எல்லாக் கட்டமும் ஒரே அகலம். ஆங்கிலம் அதில் அடங்கிவிடும். நம் 'தமிழ்' என்ற சொல் நமக்கு மூன்று எழுத்து. யூனிகோடில் அது ஐந்து குறியீடு: த, ம, இகரத்தின் கொக்கி, ழ, புள்ளி. எது தனிக் கட்டம் பிடிக்கும், எது முன்னெழுத்தின் மேல் உட்காரும் என்பதில் எடிட்டர் ஒரு கணக்கும் டெர்மினல் ஒரு கணக்கும் போட்டால், கர்சர் ஓரிடத்தில் நிற்கும், எழுத்து வேறிடத்தில் மாறும். இந்தக் குறை பல டெர்மினல்களில் இன்னும் இருக்கிறது. தமிழில் நிறைய எழுதுகிறவர்களுக்கு ஜிவிம் என்ற ஜன்னல் வடிவம் ஓரளவு கைகொடுக்கும்.

விசைப்பலகைப் பிரச்சினை வேறு. தமிழ்99 முறையில் ஹெச், ஜே, கே, எல் விசைகளில் இருப்பவை க, ப, ம, த. நம் மொழியில் அடிக்கடி வரும் எழுத்துகள் என்பதால் வலக்கைக்குக் கீழே வைத்தார்கள். தமிழில் எழுதிக்கொண்டிருந்தவர் எஸ்கேப் தட்டிவிட்டுக் கீழே போக ஜே அழுத்தினால், விம்முக்குப் போய்ச் சேர்வது பகரம். அதற்கு அது என்னவென்று தெரியாது. ஒவ்வொரு முறையும் ஆங்கிலத்துக்கு மாற்றித் திரும்ப வேண்டியிருக்கிறது.

இதற்குத் தீர்வு விம்மின் இரண்டு நிலையிலேயே இருக்கிறது! கீமேப் என்ற ஏற்பாடு உண்டு. எந்த விசை அடித்தால் எந்த எழுத்து என்று ஒரு கோப்பில் எழுதிக் கொடுத்தால், எழுதும் நிலையில் மட்டும் அது வேலை செய்யும். எஸ்கேப் தட்டியதும் விசைகள் தாமாகவே ஆங்கிலக் கட்டளைகளாகிவிடும். திரும்ப எழுத வந்தால் திரும்பத் தமிழ். நம்மைப்போல் இரண்டு எழுத்தில் வாழ்கிறவர்களுக்கென்றே செய்ததுபோல இருக்கிறது. விம்மோடு வரும் தமிழ்க் கீமேப் கோப்பு யூனிகோடுக்கு முந்தைய திஸ்கி குறியாக்கத்துக்கானது. யூனிகோடில் தமிழ்99க்கு ஒன்றை நாமே எழுதிக்கொள்ளலாம். நிரல் எழுதத் தெரிய வேண்டியதில்லை. எழுத்துக்கு ஒரு வரி. உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் ஒன்று, 247 வரி.

247 வரியையும் தட்டவும் வேண்டாம். ககரத்துக்கு மட்டும் க, கா, கி என்று தொடங்கிக் கௌ வரை பன்னிரண்டு, புள்ளி வைத்த க் ஒன்று, ஆகப் பதின்மூன்று வரி எழுதுங்கள். யூனிகோடில் கா என்பது ககரம், அதையடுத்துக் கால். கொ என்பது ககரம், அதையடுத்து ஒகரக் குறி. எனவே அந்தப் பதின்மூன்று வரியின் நகலை எட்டின் வழிவந்த 'செட்' கருவியிடம் கொடுத்து, ககரம் வரும் இடமெல்லாம் சகரம் போடு, ஹெச் விசை இருக்கும் இடத்தில் சகரத்தின் விசையைப் போடு என்று ஒரே கட்டளை கொடுத்தால், கா சாவாகும், கொ சொவாகும், க் ச் ஆகும். பதினெட்டு மெய்யும் இப்படியே நடக்கும். சிறுவயதில் திண்ணைப் பலகையில் எழுதிய அதே வரிசைதான்.

மேடையை விட்டு இறங்கியதும் என் மடிக்கணினியை அந்த மேசையில் திறந்து வைக்கிறேன். ககர வரிசை பதின்மூன்று வரியையும் உங்கள் கண்முன்னே நான் தட்டுகிறேன். சகர வரிசைக்கு உங்களில் ஒருவர் வந்து உட்கார வேண்டும். டைப் படித்தவர்கள் முதலில் வாருங்கள்.